சிக்லிட் குஞ்சுகள்

பிறந்த மறுநாளே எங்கள் குழந்தை இறந்துபோனது. அதன்பிறகு என் மனைவி வாய் திறந்து பேசவில்லை. பெரம்பலூர் வீட்டில் நான் வளர்த்த சிக்லிட் மீன் ஜோடி முட்டையிட்டபோதுதான் தொட்டியருகே வந்து உட்கார்ந்தாள். நெருங்கிய மீன்களையெல்லாம் அந்த ஜோடி கடித்து விரட்டியது.

"எப்படிக் காவல் காக்குதுங்க பாருங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. குஞ்சு பொரித்ததும் சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஒருநாள் காலையில் குஞ்சுகள் குறைந்திருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய்மீன் கடைசிக் குஞ்சையும் விழுங்கியது.

"இந்த ஜாதி மீனு சில சமயம் அப்படித் தின்னுடும்மா" என்றேன்.

"காவல் காத்ததே தின்னுடுச்சாங்க?"

மீன்களை, வாங்கிய கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். அவள் மறுபடியும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அன்று என்ன சொல்லியிருந்தால் அவள் தேறியிருப்பாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.