வியாழக்கிழமை வந்த வீடியோ கால்

சிறுவாச்சூர்க் காளிக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. அந்த இரண்டு நாளை நம்பித்தான் செல்லமுத்துவின் தேங்காய்க் கடை. அப்பா அடுத்தவர் காட்டில் களை வெட்டியே செத்தவர். மகன் சொந்தக் கடையில் உட்கார்ந்தார். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு, இருக்க வேண்டியதும்தான்.

வர முடியாத குலதெய்வக்காரர்கள் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் வீடியோ காலில் கூப்பிடுவார்கள். செல்லமுத்து கோயிலைக் காட்டுவார், அவர்கள் பேருக்கு அர்ச்சனை செய்து குங்குமத்தைத் தபாலில் அனுப்புவார். எந்த நம்பர் வந்தாலும் நெற்றி நிறைய விபூதியோடு முகத்தைக் காட்டித்தான் எடுப்பார். சாமி காரியமாகக் கூப்பிடுகிறவரிடம் கேமராவை விரலால் மூடிக்கொண்டு யார் என்று கேட்பது மரியாதையா என்ன?

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அப்படித்தான் எடுத்தார். அந்தப் பக்கம் துணியில்லாமல் ஒருத்தி. என்ன ஏது என்று புரிவதற்குள் பத்து விநாடி போய்விட்டது. கால் மணி நேரத்தில் அவர் முகமும் அவளும் சேர்ந்திருக்கும் வீடியோ வந்தது. பணம் போடாவிட்டால் பேஸ்புக்கில் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் போகுமாம். அம்மன் அலங்காரப் படம் போடுவதற்கென்று வைத்திருந்த பக்கம் அது. அதன் நண்பர் பட்டியலில் இருந்ததெல்லாம் வாடிக்கைக்காரர்கள், அதுவும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பூட்டாமல் கிடந்தது.

செல்லமுத்து மறைக்கவில்லை. போனை மனைவி இருசம்மாளிடம் நீட்டினார்.

"ஒத்தப் பைசா போடாதீங்க. போட்டா திரும்பத் திரும்பக் கேப்பான். எதையும் அழிக்காம வைங்க, பெரம்பலூர் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம்."

கொடுத்தார்கள். சைபர் கிரைம் போலீஸ்காரரும் செய்தது சரி என்றார். சரியாகச் செய்தவருக்குக் கிடைத்தது என்ன? பணம் வராத ஆத்திரத்தில் அந்தப் பாவிகள் அன்றைக்கே நாற்பது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வெள்ளிக்கிழமை ஒரு கால்கூட வரவில்லை. திங்களும் அப்படியே. செல்லமுத்துவே சென்னைத் தமிழழகனைக் கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷ வாடிக்கை. அவர் பிள்ளைகளின் நட்சத்திரம் வரைக்கும் இவருக்கு மனப்பாடம்.

"தம்பி, அது போலிங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்துருக்கேன்."

"தெரியும்ண்ணே. எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேருக்கு இப்புடி வந்துச்சு. உங்க மேல தப்பே இல்ல."

செல்லமுத்துவுக்கு மூச்சு வந்தது. "அப்ப வர்ற வெள்ளிக்கு அர்ச்சனை வச்சுரட்டுங்களா?"



"வேணாம்ண்ணே. உங்க மூஞ்சியப் பாத்தா அதான் ஞாபகத்துக்கு வருதுன்னு வூட்ல சொல்றாங்க. பக்கத்துக் கடைக்காரர் நம்பர் இருந்தா குடுங்களேன்."

செல்லமுத்து கொடுத்தார். ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொல்லி, சரியாக எழுதிக்கொண்டாரா என்றும் கேட்டார்.