எதிர்ப்பை அடக்கும் ஊசி

கொரோனா இரண்டாவது தடவை பரவியபோது என் வீட்டுக்காரர் திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கீழ்பென்னாத்தூர் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினவர். ஆக்சிஜன் ஜாஸ்தி வைத்தும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. பேச்சும் போய்விட்டது.

டாக்டர் என்னையும் மாமியாரையும் வார்டு வாசலுக்குக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் உடுப்புக்குள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

"கிருமியவிட இப்ப இவரோட சொந்த எதிர்ப்பு சக்திதான் நுரையீரல அழிக்குது. அத அடக்க ஒரு ஊசி இருக்கு. போட்டா பொழைக்கலாம். ஆனா பழைய டிபி உள்ள தூங்கிட்டு இருந்தா அது எழுந்துக்கும். இவருக்கு டிபி வந்திருக்கா?"

நான் மாமியாரைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின கதை எனக்கு என்ன தெரியும்.

"எங்க வம்சத்துலயே அதெல்லாம் கெடையாதுங்க."

"யோசிச்சு சொல்லுங்கம்மா. எக்ஸ்ரேல எல்லாமே வெள்ளையா இருக்கு, ஒண்ணும் பிரிச்சுப் பாக்க முடியல. ரத்தத்துல பாத்துட்டு இருக்க நேரமில்ல. இருந்ததுன்னா சொல்லுங்க, கூடவே மாத்திரை குடுத்துக்கலாம்."

"பெத்தவளுக்குத் தெரியாதாங்க?"

ஊசி போட்டார்கள். மூச்சுத் திணறல் குறைந்தது. வீட்டுக்கும் வந்துவிட்டார்.

"எமனுக்கே டிமிக்கி குடுத்துட்டாரு உன் ஆளு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நானும் சிரித்தேன்.

பிறகு இருமல். கொரோனா விட்டுப்போன இருமல் என்றார்கள். கஷாயம் வைத்தேன். சாயங்காலமானால் காய்ச்சல் ஏறியது. ஒருநாள் ரத்தமாகத் துப்பினார். சளியைச் சோதித்தார்கள். டிபி.

மாத்திரை கொடுத்த நர்ஸ், "மூத்திரம் செகப்பாப் போவும்ணா, பயந்துடாதீங்க" என்றாள்.

"தெரியும்மா" என்றார் அவர்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். கல்யாணம் நிச்சயமானபோது இதே மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தாராம். புதுப்பெண் செகப்பைப் பார்த்துவிட்டால் வம்பு என்று அவர் அம்மா பாதியில் நிறுத்திவிட்டாராம்.

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே அத்த?"

"நீ பக்கத்துல நின்னுட்டு இருந்தியே, எப்டிடீ சொல்றது? ஏமாத்திக் கட்டிட்டாங்கன்னு உங்கம்மா வூட்டுக்கு மூட்ட கட்டியிருப்ப."

"போயிருந்தா நல்லதுதான். உன் புள்ள தேறியிருப்பாரு."

அவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதியில் விட்ட மாத்திரை இந்தத் தடவை கேட்கவில்லை. நோய் தலைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார்.

சாவுக்கு வந்த பெண்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"கொரோனாதான், வேற என்ன" என்றார் மாமியார்.

"டிபி" என்றேன் நான். "கல்யாணத்துக்கு முன்னாலயே இருந்திச்சு."

பாடையருகே உட்கார்ந்திருந்த ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மகன் உயிர் போனபோதுகூட அவ்வளவு அழவில்லை.