மூன்று புள்ளி இரண்டு

அக்கா கடல்சார் பொறியியல் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் கேப்டன். மருந்துக்கடைக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார்.

"என்ன கேப்டன், கப்பல் எப்போ கிளம்புது?"

"கேப்டன் மேல நின்னு காத்து வாங்குவார் அண்ணே. நான் கீழ இன்ஜின் ரூம்ல வெந்துக்கிட்டு இருப்பேன்."

வகுப்பில் நாற்பத்தோரு பேர். அதில் பெண்கள் அக்காவும் அவளுடைய விடுதி அறைத் தோழியும் மட்டும்தான். அந்தத் தோழிக்கு வாய் ஓயாது என்பதால் வீட்டில் நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. விடுமுறைக்கு வரும்போது அக்காவின் நகங்களில் எண்ணெய்க் கறை இருக்கும். அம்மா எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பார்த்து அலுத்துப்போவாள்.

"இந்தக் கையை எவன்டி பிடிப்பான்?"

"பிடிக்கிறவன் வழுக்கி விழாம பார்த்துக்கட்டும்மா."

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. சில மாதங்கள் கப்பலில் பயிற்சி பெற்றால்தான் அதிகாரித் தேர்வு எழுத முடியும். அந்த இடம் கிடைக்காவிட்டால் பட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அக்கா பதினேழு நிறுவனங்களுக்கு எழுதினாள். பதில் போட்ட சிலரும் பெண்களுக்குத் தனி அறை இல்லை என்றார்கள். கல்லூரிக்கு வழக்கமாக வரும் நிறுவனம் ஒன்று மட்டும் அந்த வருடம் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. கடைசிச் செய்முறைத் தேர்வைப் பார்த்து முடிவு செய்வார்களாம்.

பட்டறையில் ஒரு பழைய டீசல் இன்ஜின் இருந்தது. அதை ஓடவிட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமும் அழுத்தமும் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். மசகு எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் மட்டும் மூன்று புள்ளி இரண்டில் செத்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது. இன்ஜினை நிறுத்தினாலும் அங்கேயேதான் நிற்கும். புதுக் கருவி கேட்டு எழுதியிருப்பதாகப் பட்டறை மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு அவருடைய முதல் பாடமே, "அந்தக் கட்டத்துல மூணு ரெண்டுன்னு போட்டுடுங்க" என்பதுதான். அக்காவும் அதுவரை அப்படித்தான் போட்டுவந்தாள்.

தேர்வன்று மட்டும் ஏன் மாறினாய் என்று நான் கேட்டிருக்கிறேன். "அந்த எண்ணெயோட அழுத்தம் இறங்கினா இன்ஜினே இறுகிப்போகும்டி. பொய்யா எழுதக் கை வரல" என்றாள் ஒருமுறை. இன்னொருமுறை, "கொழுப்பு" என்றாள்.

அன்று அவள் விரல் கணுவால் கண்ணாடியைத் தட்டினாள். முள் அசையவில்லை. கட்டத்தில் 'கருவி பழுது' என்று எழுதினாள். ரேடியோ எட்டிப் பார்த்தாள்.

"ஏய், லூசா நீ? மூணு ரெண்டு போடுடி."

"நீ போட்டுக்கோ."

நிறுவனத்திலிருந்து வந்திருந்த மூத்த இன்ஜினீயர் அவள் தாளில் விரலை வைத்தார்.

"என்னம்மா, எட்டு இடத்துல எண்ணே இல்ல?"

"முள் வேலை செய்யல சார்."

"மத்த நாப்பது பேருக்கும் வேலை செஞ்சிருக்கே?"

அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"இன்ஜினை நிறுத்திட்டுப் பாருங்க சார். அப்பவும் அங்கேயேதான் நிக்கும்."

அவர் அதைப் பார்க்கவில்லை. "நீ சொல்றது உண்மையாவே இருக்கட்டும். கப்பல்ல வந்து இப்படி எழுதி வச்சேன்னா, அடுத்த துறைமுகத்துல சோதனைக்கு வர்றவன் கப்பலையே நிறுத்தி வச்சுடுவான். எங்களுக்கு அனுசரிச்சுப் போற ஆள்தான் வேணும்."

இடம் ரேடியோவுக்குப் போனது.

வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். "எல்லாரையும் மாதிரி எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க லிஃப்ட்டைப் பார்க்காமலே சோதனை அட்டையில கையெழுத்துப் போடுவீங்களாப்பா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

மறுபடி நிறுவனங்களுக்கு எழுதியவற்றுக்கும் அதே பதில்கள்தான் வந்தன. மருந்துக்கடைக்காரர் கேப்டன் என்று கூப்பிடுவதை எப்போது விட்டார் என்று நினைவில்லை. இரண்டு வருடம் கழித்து அக்கா அதே கல்லூரிப் பட்டறையில் உதவியாளராகச் சேர்ந்தாள். மாஸ்டரே சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. அவருக்கும் உறுத்தியிருக்கும்.

போன வாரம் அவள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். முதல் வருடப் பிள்ளைகள் அந்த இன்ஜினைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு பெண் குனிந்து கண்ணாடியை விரல் கணுவால் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினாள்.

"மேடம், இந்த முள்ளு அசையவே மாட்டேங்குது. என்ன எழுதட்டும்?"

அக்கா வேறு ஒருவன் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மூணு ரெண்டுன்னு போட்டுக்கோம்மா."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அப்புறம்தான் அக்கா என்னைக் கவனித்தாள். பக்கத்தில் வந்து சாவிக்குக் கை நீட்டினாள். நகங்கள் சுத்தமாக இருந்தன.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"இப்பத்தான் வந்தேன்" என்றேன்.