பிக்கப்பை உட்கார வைத்துப் பார்த்த நாள்

கியர் எண்ணெய்க்கு ஒரு நாற்றம் உண்டு. அழுகிய பூண்டை வெயிலில் காயப் போட்டது போன்ற அந்த நாற்றத்துக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ அது வந்துவிட்டால், சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழே நின்ற எங்கள் நீல நிறப் பிக்கப்பும், அதன் வயிற்றுக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் இரண்டு கால்களும் கண்முன் வந்துவிடும்.

அப்பா அந்த வண்டியில் கடைகளுக்கு ஐஸ் கட்டி ஏற்றிப் போகிறவர். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இடது கால் குட்டை என்பதால் நின்றால் இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்பேன். கோணலுக்கு மலாயில் "செங்கெட்" என்பார்கள். எங்கள் மாடிப் பிள்ளைகளுக்கு அதுவே என் பெயராகிவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் என்னை நிற்க வைத்து முதுகைப் பார்த்தார், பிறகு முக்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார். உட்கார்ந்ததும் தோள்கள் இரண்டும் சமமாயின. "முதுகு நல்லாத்தான் இருக்கு, கோளாறு கால்லதான், ஒரு பக்கம் கனமா அடி வச்ச சப்பாத்து போடுங்க" என்றார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலணியைப் போட்டுவிட்டால் மகள் நொண்டி என்று தாமே ஊருக்கு எழுதிக் கொடுத்தது போலாகும் என்று நினைத்தார்.

அதனால் நேராக மாதாவிடம் போனார். திருநாள் பவனிக்கு அந்த வருஷம் மாதாவின் சப்பரத்தைத் தன் வண்டியிலேயே கொண்டுவருவதாகக் கோயிலில் கேட்டு வாங்கியதோடு நில்லாமல், "நீ என் வண்டியில சாயாம வா தாயே, என் மவ சாயாம நிக்கட்டும்" என்று நேர்ந்துவிட்டும் வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மாதாகிட்ட மன்றாடலாம், அழலாம். கண்டிஷன் போடலாமாங்க?"

போட்டாயிற்று. அடுத்த தொல்லை, சப்பரத்தின் மேற்கூரை கோயில் வாசல் வளைவில் இடிக்கும் என்பது. அப்பாவின் கூட்டாளி முனியாண்டி மாமா பக்கத்திலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். "மாதாவுக்கு வழி விடாத வளைவும் ஒரு வளைவாலா" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தாழ்த்திக் கொடுத்தார். முன்பக்கம் வண்டியைத் தாங்கும் முறுக்குக் கம்பியைத் தளர்த்தினார். பின்பக்கம் அச்சுக்கும் வில்பட்டைகளுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் ஓர் இரும்புக் கட்டை வைத்து இறக்கினார்.

திருநாளுக்கு முந்திய மத்தியானம் சப்பரச் சட்டத்தை ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. என்னைப் போலவே. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வேடிக்கை பார்க்க வந்த கிழவர் ஒருவர் வேறு, "மாதா சாஞ்சா நல்லதுக்கில்ல" என்று தம் பங்குக்கு ஊதிவிட்டுப் போனார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதர்கள் எல்லா அடுக்குமாடியிலும் உண்டு.

இருவரும் டயரில் காற்றைப் பார்த்தார்கள். தரை மேடு பள்ளமோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்தியும் பார்த்தார்கள், அப்போதும் இடதுதான். முன்பக்கம் இடது தோள் தொங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததால் கோளாறு அங்கேதான் என்று மாமா முறுக்குக் கம்பியைத் திருகினார். கொஞ்சம் நிமிர்ந்த வண்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்ததும் பழையபடி தோளைத் தொங்கப் போட்டது. மாமா திருகியதையெல்லாம் திரும்பத் தளர்த்தினார். "சாயுதுலா", "செங்கெட்டாவே நிக்குதுலா" என்று அவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னது, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின்மேல் உட்கார்ந்திருந்த எனக்கு என்னைச் சொல்வது போலவே இருந்தது. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"தோளையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி? டாக்டர் என்னைய உக்கார வச்சுத்தானே கண்டுபிடிச்சாரு?" என்றேன்.

மாமா சிரித்தார். "வண்டிய எப்படிம்மா உக்கார வைக்கிறது? நாற்காலி போடவா?"

அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய்ப் பின் அச்சின் நடுவிலிருந்த கியர் உருண்டைக்கு நேர் கீழே வைத்தார். "முனியாண்டி, பின்னங்கால் ரெண்டையும் தரையிலிருந்து எடுத்துருவோம். அப்பவும் முன்பக்கம் சாஞ்சா கோளாறு முன்னாடி. நிமிந்துட்டா பின்னாடி."

ஜாக்கிக் கம்பி ஏறி இறங்கியது. பின்சக்கரங்கள் தரையை விட்டதும், யாரும் தொடாத முன்பக்கத்தில் அந்த இடது தோள் மெல்ல, தூங்கி எழுந்த மாடு நிமிர்வது போல, தானாக நிமிர்ந்தது. ஒரு கோணலும் இல்லாமல் சமமாக நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ அற்புதங்களை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது அது ஒன்றைத்தான். இத்தனை நேரம் பழி சுமந்த முன்பக்கத்தில் ஒரு குற்றமும் இல்லை, பின்பக்கத்துக் கோணலைத்தான் அது சுமந்துகொண்டிருந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

கட்டைகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இடப்பக்கத்துக் கட்டை ஒரு விரல் கனம் கூடுதல். மாமா வாங்கிய பழைய சாமான் கடைக் குவியலில் வெவ்வேறு வண்டிகளின் கட்டைகள் கலந்திருந்திருக்கின்றன. கறுப்புப் பெயின்ட் அடித்ததும் இரட்டைப் பிள்ளைகள் போலாகிவிட்டன. "கண்ணு பாத்துச்சு, கை அளக்கலயே" என்று மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். கனம் குறைந்த வலப்பக்கத்துக் கட்டையோடு ஓர் இரும்புத் தகட்டைச் சேர்த்து முடுக்கியதும் வண்டி நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் மாலை பவனியில் மாதா கொஞ்சமும் சாயாமல் நேராக வந்தார். வாசல் வளைவுக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தபோது "மரியே வாழ்க" என்ற சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டே ஓட்டினார்.

அடுத்த நாள் காலையில் என்னை எழுப்பிக் கூடத்தில் நிற்க வைத்தார். என் தோள்களையே பார்த்தார். "நிமிந்திருக்கேனாப்பா?" என்று கேட்டேன். அம்மா சமையலறை வாசலிலிருந்து நகரவில்லை. அப்பா தரையில் உட்கார்ந்து என் இடது பாதத்தின் அடியில் தன் உள்ளங்கையை நுழைத்து, இரண்டு தோள்களும் சமமாகும் வரை மெல்லத் தூக்கினார். என் இடப்பக்கப் பாரம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. கையை எடுக்காமலே, "தகடு வைக்கிறதுல என்னம்மா வெக்கம்" என்றார். அன்றைக்கே சப்பாத்துக்கு அளவு கொடுக்க என்னைக் கூட்டிப் போனார்.

இப்போது பவனிக்கு விளக்கலங்காரத்தோடு வாடகை லாரி வருகிறது. நீல பிக்கப் பழைய இரும்புக்குப் போய்விட்டது, முனியாண்டி மாமாவின் ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன, அப்பாவும் போய்விட்டார். அவருடைய நேர்ச்சை பலிக்கவில்லை என்று சொல்கிற சொந்தக்காரர்கள் மட்டும் குறையாமல் இருக்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்லும்போதெல்லாம், நான் சப்பாத்தோடு எழுந்து, சாயாமல் நின்று காட்டுவேன்.