புகைபோக்கி இல்லாத ஏரி

ஞாயிறு காலை ஏழரை மணி மின்சார ரயில். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய் டிக்கெட். மடியில், போர்வையில் சுற்றிய மூன்று ஓவியங்கள். மெர்சி வரைந்தவை. சென்னையில் ஓர் ஓவியக் கூடத்தில் வைக்கலாம் என்று நான்தான் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு ஷேர் ஆட்டோ. தொழிற்பேட்டையின் பின்புறம் போக இருபது ரூபாய்.

"இன்னா சார் அது, சாமி படமா?" என்றார் ஓட்டுநர்.

"ஏரி."

"இங்க கீற ஏரியவா மெட்ராஸ்லருந்து தூக்கினு வர்றீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெர்சிக்கு நாற்பது வயதிருக்கும். ரசாயன ஆலையில் மூட்டை கட்டும் வேலை. பதினைந்து வருடமாக, விடுமுறை நாளில் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரே காட்சியைத்தான் வரைகிறார்: தண்ணீர், அக்கரையில் ஆலை, அதன் புகைபோக்கி. ஆனால் எந்த இரண்டு படத்திலும் புகையின் நிறம் ஒன்றாக இருக்காது. அதற்காகத்தான் நான் அவரைத் தேடிப் போக ஆரம்பித்தேன்.

வாசலிலேயே போர்வையைப் பார்த்துவிட்டார்.

"மூணும் வந்துடுச்சா சார்? இன்னா சொன்னாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "பொகபோக்கிய யாரும் வீட்ல மாட்ட மாட்டாங்களாம். அந்த எடத்துல வயல், பனமரம் இருந்தா வெக்கிறேன்றாங்க" என்றேன்.

"எங்கம்மா அடுத்தவன் வயல்ல குனிஞ்சு குனிஞ்சே செத்துச்சு. அதுல இன்னா சார் அழகு?"

"நீங்க மாத்த வேணாம்மா. வேற எடம் பாக்கலாம்."

"போன வாட்டியும் அதத்தான் சொன்னீங்க."

பெரிய படத்தைத் தரையில் போட்டார். வெள்ளையையும் நீலத்தையும் குழைத்தார். முதலில் புகை போனது. பிறகு புகைபோக்கி, ஆலை. அந்த இடத்தில் பச்சை பரவியது. ஓரத்தில் இரண்டு பனை. தடுக்க எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். தேர்ந்த கை. வயல் அழகாகவே வந்திருந்தது.

"இப்ப மாட்டுவாங்களா?"

"மாட்டுவாங்க."

தலையாட்டிவிட்டு அடுத்த படத்தை இழுத்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? வயல் வரைய ஏரிக்கா போவணும்? ஊட்லயே ஒக்காந்து வரஞ்சிக்கலாம்" என்றார் மெர்சி, நிமிராமலே.