சுப்பர்நோவா பார்க்கப் போட்ட தூண்

ஈரச் சீமெந்து மணம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மற்றவர்களுக்கு அது யாரோ வீடு கட்டும் மணம். எனக்கு அந்தத் தை மாதக் குளிர்தான் ஞாபகம் வரும்...

அப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வாத்தியார் வேலையில் சேர்ந்திருந்தேன். லயத்தின் வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பரா யோகேஸ் வீடு. ஹட்டனில் போன் கடையில் வேலை, மனசெல்லாம் வானத்தில். கம்பஸில் படித்த கூட்டாளி ஒருவன் அவனுக்குப் பெரிய டெலஸ்கோப் ஒன்றை இரவல் கொடுத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தென்வானத்தில் ஒரு கேலக்ஸிக்குள் நட்சத்திரம் வெடித்தது. போட்டோவில் அந்தக் கேலக்ஸி அத்தனை அழகு. நடுவில் மரச்சட்டம் மாதிரி நீண்ட வெளிச்சம், இரண்டு முனையிலிருந்தும் சுருண்டு போகும் கைகள். எங்கள் டெலஸ்கோப்பில் வெறும் புகைத்திட்டுதான்... ஆனால் அதன் ஓரத்தில் ஒரு கூரான புள்ளி! சுப்பர்நோவா. மனிதனே இல்லாத காலத்தில் புறப்பட்ட வெளிச்சம், எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

யோகேஸ் வெளிநாட்டு அவதானிப்புக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தான். அந்தி சாய்ந்ததும் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அந்தப் புள்ளியின் பிரகாசத்தை ஒவ்வொரு நாளும் அனுப்ப வேண்டும். சில கிழமைகளில் மங்கிவிடும். விட்டால் விட்டதுதான், திரும்ப வராது.

ஆனால் டெலஸ்கோப் நிலையாக நிற்கவில்லை. வாசலில் யாராவது நடந்தாலே புள்ளி துள்ளும். கோயில் வேலையில் மிஞ்சிய சீமெந்தைக் கேட்டு வாங்கி, யோகேஸ் வீட்டு முட்டைக்கோவாப் பாத்தி ஓரத்தில் இடுப்பளவு ஒரு தூண் போட்டோம். காய்ந்ததும் டெலஸ்கோப்பை ஏற்றினோம். துளி அசைவில்லை. யோகேஸ் பார்த்துவிட்டு என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கிழமை முடிவதற்குள் தோட்டத்தை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். கூடவே இடிக்க அலவாங்கோடு இரண்டு பேர்.

தோட்டத்தில் கோழிக்கூடு போடக்கூட மேனேஜர் துரையிடம் கேட்க வேண்டும். தூணைப் பார்த்த யாரோ, காம்பராவை நீட்டிக் கட்டுகிறார்கள் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். நட்சத்திரம், வெடிப்பு என்று என்னென்னவோ விளக்கினோம். பட்டப்பகலில் எதைக் காட்டுவது? அந்திக்கு வந்து ஒரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினோம்.

"வானத்துல என்ன வேணும்னாலும் இருக்கட்டும் தம்பி. இது கம்பெனி மண்ணு" என்றார் கணக்கப்பிள்ளை.

உடைத்துவிட்டார்கள். யோகேஸின் அம்மா வாசலில் நின்று கணக்கப்பிள்ளை காதுபடவே சொன்னார்:

"ஒரு குங்குமப் பொட்டு வச்சு விட்டிருந்தா ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க."

சத்தியமான பேச்சு. மலை முழுக்கப் பொட்டு வைத்த கல் இருக்கிறது, எந்தத் துரையும் அதில் கை வைத்ததில்லை. நாங்கள்தான் பெரிய விஞ்ஞானிகள் மாதிரி உண்மையைச் சொன்னோம்!

அதன்பிறகு வெறும் மண்ணில் வைத்துப் பார்த்தோம். எடுத்த அளவுகள் தாறுமாறாக வந்தன, குழு ஏற்கவில்லை. புள்ளியும் மங்கி மறைந்தது. யோகேஸ் டெலஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் வானத்தைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

இப்போது அந்தத் துரை குடியிருந்த பங்களாவைக் கம்பெனியே ஹோட்டலாக்கிவிட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். புல்தரையில் சீமெந்துத் தூண், அதன்மேல் டெலஸ்கோப், வெளிநாட்டுக்காரர்களுக்கு நட்சத்திரம் காட்டுகிறார்களாம். அதே கம்பெனி, அதே மண். எங்கள் சனமோ ஒழுகும் கூரைத் தகரத்தை மாற்றக்கூட இன்னும் ஆபீஸ் வாசலில் நிற்கிறது. வயிறு எரியாதா?

ஆத்திரம் தாங்காமல் யோகேஸுக்குப் போன் போட்டுக் கத்தித் தீர்த்தேன். அவன் முழுவதையும் கேட்டான்.

"அவங்க தூணு ஆடுதாடா?"

"இல்லடா... அசையவே இல்ல."

"அப்ப வானம் நல்லாத் தெரியும்" என்றான்.