‘என்னது’ படுத்த மடக்குக் கட்டில்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வயது வரை அவளுக்கு நடை வரவில்லை. இனி வராது என்று கைவிரித்த டாக்டரின் வீட்டு வாசல் வழியாக, ஏழாவது வயதில் வேண்டுமென்றே இரண்டு தடவை நடந்து காட்டினாள். கால் சரியில்லை என்று அவளைச் சேர்த்துக்கொள்ளாத அதே பள்ளிக்கூடத்தில், பெரியவளானதும் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். பல வருடம் தினக்கூலியாகவே இழுத்தடித்தார்கள். விடாமல் நின்று நிரந்தரமானாள். இவன் குடியை விடவே மாட்டான் என்று ஊரே தலைமுழுகிய ஒரு போர்டு பெயிண்டரைக் கட்டிக்கொண்டு, விடவும் வைத்தாள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அறையும் சமையல்கட்டும் மட்டுமே உள்ள தன் வீட்டுக்கு அக்கரைப் பிள்ளை ஒன்றை விருந்தாளியாகக் கூட்டிவந்தாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மொழி வேறு, சாமி வேறு. நான் சிறுவனாக இருந்தபோது இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு, பாலத்தையே மூடி வைத்திருந்தார்கள். அந்தக் கசப்பு பிள்ளைகளுக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று இரு கரைப் பள்ளிகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. வருடத்தில் ஒரு வாரம் அங்குள்ள பிள்ளைகள் இங்கே வந்து நம் வீடுகளில் தங்கிப் படிப்பார்கள். அடுத்த வாரம் நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். தங்க வரும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும் என்பதால் பள்ளியே ஒரு மடக்குக் கட்டிலும் மெத்தையும் கொடுக்கும். ஒரு கட்டுப்பாடும் உண்டு. இரண்டு பக்கத்து வீடுகளும் விலாசமோ போன் நம்பரோ கொடுத்துக்கொள்ளக் கூடாது. நாளைக்கு மறுபடி தகராறு வந்தால் யாரும் யார் வீட்டையும் தேடிப் போய்விடக் கூடாதே என்ற பயம்.

முதல் வருடம் ஆசிரியர்கள், பெற்றோர்கள் வீடுகளை மட்டுமே பட்டியலில் சேர்த்திருந்தார்கள். கடைசி நேரத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டுவிட்டது. எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வராந்தாவில் தனியாக நின்றது. என் தங்கை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் போனாள்.

“எங்க வீட்டுல வச்சுக்கிறேன் சார்.”

“இடம் இருக்காம்மா?”

“கட்டிலை ரூம்ல போட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல படுத்துக்குவோம் சார். வீட்டுக்காரர் குறட்டை விடுவாரு. அதை மட்டும் இப்பவே சொல்லிடறேன்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, முடியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை.

அந்தப் பிள்ளை நம் மொழியில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை ‘என்னது’. குழாயைக் காட்டி “என்னது?” என்று கேட்கும். பூட்டைக் காட்டிக் கேட்கும். தூங்குகிற என் மச்சானின் மூக்கைக் காட்டியும் கேட்கும். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது தங்கையின் புடவையைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏற மறுத்தது. அடுத்த வருடமும் இந்த வீடுதான் வேண்டும் என்று கேட்டு வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது.

என் தங்கைக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் எழுதப் போவதில்லை.

பள்ளிக் கிடங்கின் கூரை ஒழுகியதால் கட்டிலை அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் அதை மடக்கவே இல்லை. வருடம் முழுவதும் விரித்தபடி கிடக்கும். வாராவாரம் விரிப்பைத் துவைத்துப் போடுவாள். அதில் யாரையும் உட்கார விடமாட்டாள்.

“பாருங்க மச்சான், கட்டிலுக்குத் தனி ரூம், எனக்குத் தரை” என்பான் அவள் புருஷன்.

“குளிச்சிட்டு வந்து கேளு, யோசிக்கிறேன்” என்பாள்.

நான்காம் வருடம் புது விதி வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்; கைநாட்டு செல்லாது. அதுவரை அவள் சம்பளத்துக்கே கைநாட்டுத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை நினைத்துப் பயம் வந்தது. அவளுக்கு வரவில்லை. அன்று சாயங்காலமே எழுதக் கற்றுக்கொடு என்று புருஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அவனுக்குத் தெரிந்த ஒரே வழி பிரஷ். பழைய தகரத்தில் அவள் பெயரைச் சாணளவு எழுத்தில் எழுதிக் காட்டினான். அவளும் அப்படியே பழகினாள். பேனாவைக் கையில் கொடுத்தபோதும் அதே அளவில்தான் வந்தது.

“என்னம்மா இது, கையெழுத்தா கடை போர்டா?” என்றேன்.

“தூரத்துல இருந்து பார்த்தாலும் தெரியணும்ல அண்ணே” என்றாள்.

எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினாள். புது விரிப்பு வாங்கினாள். பிள்ளை வளர்ந்திருக்கும் என்று கட்டிலின் நீளத்தைத் தன் கையால் அளந்து பார்த்துத் திருப்திப்பட்டாள்.

அந்த வாரம் வருவதற்குள், பிள்ளைகளின் பாதையை ஒத்திகை பார்க்க வந்த வேன் மீது பாலத்தில் யாரோ கல்லெறிந்தார்கள். உள்ளே டிரைவர் மட்டும்தான், அவருக்கும் காயமில்லை. ஒரு கண்ணாடி போனது, அவ்வளவுதான். ஆனால் அக்கரைப் பெற்றோர்கள் கூடிப் பேசி, இனி அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நம் பக்கத்திலும் பலர் நல்லதாகப் போயிற்று என்றார்கள். ஏற்பாட்டையே நிறுத்திவிட்டதால், கட்டில்களை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லிப் பள்ளியில் இருந்து ஆள் வந்தது.

மூன்று வருடம் விரித்தபடியே இருந்த கட்டில் மடங்க மறுத்தது. மூட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. என் சைக்கிள் கடையில் இருந்து எண்ணெய் கொண்டுவந்து விட்டேன். நான் தட்டத் தட்ட அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மடங்கியதும், “இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போனோம். தலைமையாசிரியர் வெளியே வந்து நின்றார்.

“அந்தப் புள்ள எதாவது கேட்டுச்சா சார்?”

“தெரியலம்மா. அவங்க ஸ்கூல்ல இப்ப போனே எடுக்கறதில்ல.”

“விலாசம்...”

“எங்கிட்டயும் இல்லம்மா. கொடுத்துக்கக் கூடாதுன்னுதானே வச்சிருந்தோம்.”

அவள் தலையாட்டினாள். ஆபீஸ் கிளார்க், கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று திரும்ப வந்ததாகத் தாளில் எழுதிவிட்டு, வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

“விரலை வைம்மா.”

“எழுதுவேன் சார்.”

அவர் ஆச்சரியப்பட்டுப் பேனாவை நீட்டினார். “கோட்டுக்குள்ள எழுதும்மா” என்றார். அவள் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, கோட்டுக்குள்ளேயே எழுதி முடித்தாள். அவள் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழே தேதியைக் கிளார்க் போட்டார்: 2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை.